ஓட்டு யாருடையது?

(ஒரு கிராம வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மை ஜனநாயகமும் பகுத்தறிவும் என்னும் விஷயம் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். விஷயம் பெரியது. நாமோ பெரிய படிப்புப் படித்தவரல்ல. பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டுவிட்டு, பிறகு மளிகைப் பொட்டலம் கட்டிவந்த காகிதத்தையும் வாசகசாலைப் பத்திரிகைகளையும் படித்து நாலு எழுத்துத் தெரிந்துகொண்டோம். ஆதலால் ஜனநாயகத்துக்கு வியாக்கியானம் சொல்லும் யோக்கியதை நமக்கு இருப்பதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. 2024ம் வருஷம் ஏப்ரல் மாதம் 19ந் தேதி வெள்ளிக்கிழமை, பார்லிமெண்டுத் தேர்தலன்று, நமது வீட்டில் நடந்த சங்கதியை உள்ளது உள்ளபடி சொல்லப்போகிறோம். அதில் நமக்குப் பெருமை கொஞ்சம் உண்டு. சிறுமை அதைவிட அதிகமாகவே உண்டு. இரண்டையும் கேளுங்கள். உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள், படாததைத் தள்ளிவிடுங்கள். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக மாத்திரம் எதையும் நம்பிவிட வேண்டாம்.

தட்டும் கற்பூரமும்

நமது வீட்டில் ஓட்டு மூன்று. தாயாருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, நமக்கு ஒன்று. தாயாருக்கு வயது எழுபத்து நாலு. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, எதிரில் ஆள் நிற்பது தெரியுமேயொழிய முகம் தெரியாது.

தேர்தலுக்கு மூன்று நாளைக்கு முன், செவ்வாய்க்கிழமை இரவு, நாம் பக்கத்து ஊரில் ஒரு கூட்டத்தில் பேசப் போயிருந்தோம். பேசிய விஷயம் என்ன தெரியுமா? "ஓட்டை விற்காதீர்கள்" என்பதுதான். நாம் அங்கே தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில், இங்கே நமது வீட்டு வாசலில் நாலு பேர் வந்து நின்றிருக்கிறார்கள். ஒருவன் கையில் பித்தளைத் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, நமது குலதெய்வத்தின் படம், எரியும் கற்பூரம். வெற்றிலைக்கு அடியில் நோட்டு.

"பெரியம்மா, உங்க வீட்டிலே மூணு ஓட்டு. ஓட்டுக்கு ஐநூறு. கற்பூரத்தை அணைச்சு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, எங்களுக்கு அது போதும்" என்று கேட்டிருக்கிறார்கள். தாயாரும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்து, மூன்று ஓட்டுக்கும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

மறுநாள் இரவு நாம் வேலை முடிந்து திரும்புவதற்குள் எதிர்க்கட்சிக்காரர் வந்துவிட்டார்கள். இவர்கள் கொஞ்சம் ஏழைக் கட்சி போலிருக்கிறது, ஓட்டுக்கு முந்நூறு. தட்டு வேறு, கற்பூரம் வேறு. ஆனால் தட்டிலிருந்த சாமி படம் மாத்திரம் அதே படம். தாயார் அதற்கும் சத்தியம் செய்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "வாசலிலே வந்து நின்னவனை எப்படிடா வெறுங்கையோட திருப்பி அனுப்பறது?" என்றார். வந்தவன் கொடுத்துவிட்டுப் போகிறான். வாங்கிக்கொண்டவர் அவன்மேல் இரக்கப்படுகிறார்! பணத்தைக் கொடுப்பவன் யாசகனைப் போலவும், வாங்குகிறவர் தர்மம் செய்கிறவரைப் போலவும் நடக்கும் வியாபாரம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று கருதுகிறோம்.

சாமி யார் பக்கம்?

நாம் தாயாரிடம் கேட்டோம்: "அம்மா, இரண்டு பேருக்கும் ஒரே சாமியின் மேல் சத்தியம் செய்திருக்கிறாய். இருப்பதோ ஒரு ஓட்டு. முதல் கட்சிக்குப் போட்டால் இரண்டாவது சத்தியம் பொய். இரண்டாவது கட்சிக்குப் போட்டால் முதல் சத்தியம் பொய். சாமி இப்போது எந்தக் கட்சி?"

தாயார் சிரிக்கவில்லை. உண்மையாகவே பயந்துபோனார். "பேரப் பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோடா தம்பி?" என்று கேட்டார். தோழர்களே! அந்தக் கேள்வியைக் கேட்டபோது நமக்கு வாதத்தில் ஜெயித்த சந்தோஷம் போய்விட்டது. எழுபத்து நாலு வயதுக் கிழவியை, ஒரு கற்பூரக் கட்டியைக் காட்டி, பேரன் உயிரைப் பணயமாக வைக்கச் சொன்ன அயோக்கியத்தனம் எவ்வளவு கொடியது என்பது அப்பொழுதுதான் நமக்குப் பட்டது. ஐநூறு ரூபாய் ஓட்டை வாங்குவதற்கு. கற்பூரம் அந்த ஓட்டைக் கட்டிப்போடுவதற்கு. பணத்தை மாத்திரம் கொடுத்தால், வாங்கிக்கொண்டு வேறு ஒருவனுக்குப் போட்டுவிடுவாளே என்று அவனுக்கே தெரியும். ஆகையால்தான் சாமியை ஜாமீன் கேட்கிறான்.

இது நமது பிரசாரம் அல்ல. சட்டமே இப்படித்தான் சொல்லுகிறது. 1951ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123வது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஓட்டுக்குப் பணம் கொடுப்பது ஊழல் நடவடிக்கை என்று அதில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. ஓட்டருக்கோ, ஓட்டருக்கு வேண்டியவருக்கோ தெய்வகோபம் வரும் என்று நம்பும்படி செய்வதும் ஊழல் நடவடிக்கையே என்று எழுதியிருக்கிறது. ஆகவே அந்தப் பித்தளைத் தட்டில் இருந்தது ஒரு குற்றமல்ல, இரண்டு குற்றம். வெற்றிலைக்கு அடியில் ஒன்று, வெற்றிலைக்கு மேலே ஒன்று.

அன்றியும், சத்தியத்தை மீறினால் சாமி தண்டிக்கும் என்பது உண்மையானால், முதலில் யாரைத் தண்டித்திருக்கவேண்டும்? நமது அரசியல் சட்டத்தின் 3வது அட்டவணைப்படி மந்திரியாகிறவர் ஒன்று கடவுள் பேரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். கடவுள் பேரால் ஆணையிட்டுவிட்டு லஞ்சம் வாங்கிக் கோர்ட்டில் தண்டனை அடைந்தவர்கள் இந்த நாட்டில் உண்டா, இல்லையா? அவர்களைப் பிடித்தது போலீசு; தண்டித்தது கோர்ட்டு. சாமி ஒருவரையும் பிடித்துக்கொடுத்ததாக நாம் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. கோடியில் தப்பவிட்ட சாமி ஐநூறு ரூபாய்க் கிழவியைத் தேடிக்கொண்டு வருமா? இதைத் தாயாரிடமும் சொன்னோம். அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்சநேரம் கழித்து முந்தானை முடிச்சை அவிழ்த்து, "இந்தா, இதைக் கொண்டுபோய் அவனவன்கிட்ட கொடுத்துடு" என்றார்.

இருபத்தேழு பைசா

வியாழக்கிழமை இரவு நோட்டுகளை எடுத்துக்கொண்டு போனோம். முதல் கட்சிக்காரர் நம்மை வாசலிலேயே நிறுத்தி, "அண்ணே, என்ன பணம்? யார் கொடுத்தது? நாங்க யாருக்குமே கொடுக்கலையே!" என்றார். இரண்டாவது கட்சிக்காரரும் அதே வார்த்தையைச் சொன்னார். கொள்கையில் இருவரும் ஒன்றுபட்டதை அன்றைக்குத்தான் பார்த்தோம்! கொடுத்தவன் இல்லை, வாங்கியவர் மாத்திரம் இருக்கிறார். நாம் அவரவர் திண்ணையில் பணத்தை வைத்துவிட்டு வந்துவிட்டோம். அப்புறம் அது எங்கே போயிற்று என்று நமக்குத் தெரியாது.

"ஏன் அதிகாரிகளிடம் புகார் கொடுக்கவில்லை?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். புகார் கொடுத்தால் முதல் சாட்சி நமது தாயார். வாங்குவதும் சட்டப்படி குற்றம் என்பதால் முதல் குற்றவாளியும் அவரே ஆகலாம். கொடுத்தவர்களோ நாளைக்கும் அதே தெருவில் இருப்பவர்கள். பயந்துவிட்டோம். இதை மறைத்துவிட்டு உங்கள் முன் வீரம் பேச நமக்கு மனம் வரவில்லை. புகார் கொடுக்கத் தைரியம் உள்ளவர்கள் கொடுங்கள். அதனால் பலன் இல்லாமற் போவதில்லை. பணம் பாய்ந்தது வெளிப்பட்டு, 2016ம் வருஷம் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தல் ரத்தாகி நவம்பரில் மறுபடி நடந்தது. 2017ம் வருஷம் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தாயிற்று. 2019ம் வருஷம் வேலூர்ப் பார்லிமெண்டுத் தேர்தல் ஓட்டுப் பதிவுக்கு இரண்டு நாளைக்கு முன் ரத்தாகி ஆகஸ்டு மாதத்தில் நடந்தது.

நிற்க, அந்த ஐநூறு ரூபாயின் கணக்கையும் பார்ப்போம். ஐந்து வருஷத்துக்கு நாள் கணக்கு 1826. ஐநூறு ரூபாய்க்குப் பைசா 50,000. வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு இருபத்தேழு பைசா சொச்சம் வரும். பன்னிரண்டு ரூபாய் கொடுத்து ஒரு டீ குடிக்கவேண்டுமானால் நாற்பத்து நாலு நாள் இந்தப் பைசாவைச் சேர்த்துவைக்கவேண்டும். இதற்குப் பதில் நாம் கொடுப்பது என்ன? ஐந்து வருஷத்துக்கு ரோடு, தண்ணீர், ஆஸ்பத்திரி, பிள்ளையின் பள்ளிக்கூடம், இவைகளைப்பற்றிக் கேள்வி கேட்கும் வாய். வாயை இருபத்தேழு பைசாவுக்குக் குத்தகை விட்டவன், பிறகு "கேட்பாரில்லையே" என்று யாரிடம் முறையிடுவது?

வீட்டில் மூன்று ஓட்டு

அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி நமது மனைவியாரும் வீட்டில்தான் இருந்தார். அவர் வாசலுக்கு வந்து, "அத்தை அவங்க ஓட்டுக்குச் சத்தியம் பண்ணட்டும். என் ஓட்டுக்கு அவங்க எப்படிப் பண்ணலாம்?" என்று கேட்டிருக்கிறார். வந்தவர்கள், "வீட்டுக்குப் பெரியவங்க சொன்னால் போதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்களாம்.

இதைக் கேட்டு நமக்கு ரொம்பப் பெருமை உண்டாயிற்று. பெருமையோடு பெருமையாக, தேர்தலன்று காலையில் மனைவியாரிடம், "அப்போ நாம் எல்லோரும் எந்தச் சின்னத்துக்குப் போடுவது என்றால்..." என்று ஆரம்பித்தோம். அவர் அடுப்பிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏங்க, தட்டைக் கொண்டுவந்தவங்க கேட்டதும் இதைத்தானே? நீங்க கற்பூரம் மட்டும்தான் கொண்டு வரலை" என்றார்.

தாய்மார்களே! அந்த வார்த்தைக்கு நம்மிடம் பதில் இல்லை. ஊரில் மேடை மேடையாகப் பெண்ணுரிமை பேசுகிறோம். ஆனால் வீட்டில் மூன்று ஓட்டும் நம்முடையது என்ற எண்ணம் நமக்குள்ளேயே எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது.

இந்த வியாதி இன்று நேற்று உண்டானதல்ல. சென்னை மாகாணத்தில் சட்டசபைத் தேர்தலுக்குப் பெண்களும் ஓட்டுப் போடலாம் என்று 1921ம் வருஷம் தீர்மானமாயிற்று. ஆனாலும் அப்போதெல்லாம் சொத்து உள்ளவருக்கும் வரி கட்டுகிறவருக்கும்தான் பெரும்பாலும் ஓட்டு. ஆகவே சொத்தில்லாத பெண்ணுக்கு அந்தத் தீர்மானத்தால் என்ன பலன்? 1950ம் வருஷம் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 326வது பிரிவுதான், சொத்தும் படிப்பும் கேட்காமல், வயது வந்த ஆண் பெண் எல்லோருக்கும் ஓட்டுக் கொடுத்தது. அப்போது வயது 21. 1989ம் வருஷத்திலிருந்து 18.

அந்தச் சட்டப்படி 1951 அக்டோபரிலிருந்து 1952 பிப்ரவரி வரை முதல் பொதுத்தேர்தல் நடந்தது. பதினேழு கோடிக்கு மேல் ஓட்டர்கள். ஜாபிதா தயாரிக்கப் போனவர்கள், பெரும்பாலும் வட இந்தியாவில், பெண்களிடம் பெயர் கேட்டபோது பலர் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. "இன்னாருடைய சம்சாரம்", "இன்னாருடைய மகள்" என்று மாத்திரம் சொன்னார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் ஓட்டு இல்லை என்று தேர்தல் கமிஷன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. இதனால் சுமார் 28 லட்சம் பெண்கள் ஜாபிதாவிலிருந்து விட்டுப்போனார்கள். கேட்பதற்குக் கொடுமையாக இருக்கலாம். ஆனால் அதில் ஒரு தத்துவம் இருக்கிறது. ஓட்டு ஒருவனுடைய சம்சாரத்துக்குக் கொடுக்கப்படுவதல்ல. பெயருள்ள ஒரு மனுஷிக்குக் கொடுக்கப்படுவது. இன்று பெயர் ஜாபிதாவில் வந்துவிட்டது. ஓட்டு மாத்திரம் இன்னும் பல வீடுகளில் "இன்னாருடைய சம்சாரம்" ஆகவே இருக்கிறது.

வீட்டுக்குப் பெரியவன் இருப்பது போல ஜாதிக்கும் பெரியவன் இருக்கிறான். கோவிலில் கூடி, "நம்மவர் ஓட்டெல்லாம் இன்னாருக்கு" என்று கட்டுப்பாடு போடுகிறான். கட்டுப்பாட்டை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் தூரதேசம் போகவேண்டியதில்லை. மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்னும் ஊர்களில், பஞ்சாயத்துத் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவருக்கு ஒதுக்கப்பட்டது என்கிற ஒரே காரணத்துக்காக, 1996லிருந்து 2006 வரை பத்து வருஷம் தேர்தலை ஒழுங்காக நடக்கவிடவில்லை. அதே ஜில்லா மேலவளவில், தேர்தலில் ஜெயித்துப் பஞ்சாயத்துத் தலைவரான தோழர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997ம் வருஷம் ஜூன் 30ந் தேதி வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஓட்டுக்கு விலை ஐநூறு என்கிறவர்கள், ஓட்டில் ஜெயித்ததற்காக அந்த ஆறு பேர் கொடுத்த விலையை ஒரு தடவை நினைத்துப் பார்க்கட்டும்.

ராகுவும் ஓட்டுப் போடுமா?

தேர்தலன்று காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை ஓட்டுப் பதிவு. காலை ஏழுக்கே நமது பள்ளிக்கூட வாசலில் நீண்ட வரிசை. வெய்யிலோ சித்திரை வெய்யில். தாயாரை அவ்வளவு நேரம் நிறுத்தமுடியாது. பத்தரை மணி அடித்தவுடன் வரிசை தானாக மெலிந்தது. காரணம் என்னவென்றால் வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலமாம்! நல்ல காரியத்துக்குப் போகக்கூடாதாம்! நமக்கு ராகுவால் ஏற்பட்ட ஒரே லாபம், பத்தே நிமிஷத்தில் உள்ளே போக வழி கிடைத்ததுதான்.

தாயார் கிளம்பச் சங்கடப்பட்டார். நாம் சொன்னோம்: "அம்மா, எட்டு மணிக்குப் போட்ட ஓட்டும், பதினொரு மணிக்குப் போட்ட ஓட்டும் ஒரே யந்திரத்தில்தான் விழுகிறது. எண்ணுகிறபோது இது நல்ல நேரத்து ஓட்டு, இது ராகு கால ஓட்டு என்று பிரித்தா எண்ணுவார்கள்?" அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதியிலும் சேர்ந்து நின்ற அபேட்சகர்கள் 950 பேர். அவர்களில் எத்தனை பேர் ஜோசியனைக் கேட்டு நல்ல நேரத்தில் மனுக் கொடுத்தார்களோ, யார் கண்டார்? ஜெயித்தவர் 39, தோற்றவர் 911. நல்ல நேரம் இருந்தது எல்லோருக்கும் பொது. நாற்காலி இருந்ததுதான் 39.

இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்கள் ராகு காலத்துக்கு மாத்திரமல்ல, எந்தக் காலத்துக்கும் வருவதில்லை. அன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய எழுபது பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். மீதி முப்பது பேரில் படித்த கனவான்கள் பலர், "எல்லோரும் திருடர்கள், யாருக்குப் போட்டு என்ன?" என்று வீட்டில் உட்கார்ந்து வேதாந்தம் பேசுகிறார்கள். ஒருவரும் பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்வதற்கும் 2013ம் வருஷத்திலிருந்து யந்திரத்தில் கடைசியாக ஒரு பொத்தான் இருக்கிறது. அதனால் தேர்தல் ரத்தாகிவிடாது என்பது உண்மையே. ஆனாலும் நடந்து வந்து "இல்லை" என்று சொல்லுகிறவனுக்கு ஒரு கணக்கு உண்டு. வீட்டிலிருந்து முணுமுணுக்கிறவனுக்கு அதுவும் கிடையாது.

அவனுக்குத் தெரியுமா?

போகும் வழியில் தாயார் கேட்ட கேள்வி இது: "யாருக்குப் போட்டோம்னு அவனுக்குத் தெரிஞ்சுடுமாமேடா?" இந்தச் சந்தேகம் பல பேருக்கு இருக்கிறது. காசு கொடுக்கிறவன் வேண்டுமென்றே பரப்பி வைத்திருக்கும் புரளி இது. ஆகையால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

இங்கிலாந்தில் 1872ம் வருஷம் வரையில் ரகசிய ஓட்டுக் கிடையாது. ஓட்டர் மேடைமேல் ஏறி, எல்லோருக்கும் கேட்கும்படி, இன்னாருக்கு என் ஓட்டு என்று சொல்லவேண்டும். எழுதிவைத்து, யார் யாருக்குப் போட்டார்கள் என்று புத்தகமாக அச்சுப் போட்டு விற்பதும் உண்டு. கீழே நின்று கேட்டுக்கொண்டிருப்பவன் யார்? நிலத்துக்குச் சொந்தக்காரன். அவன் சொன்ன ஆளுக்குப் போடாத குடியானவனை அடுத்த போகத்துக்கு நிலத்தைவிட்டு விரட்டினான். ஆகவேதான் 1838ம் வருஷம் அங்குள்ள தொழிலாளர்கள் ஆறு கோரிக்கை எழுதிப் போராடியபோது, ரகசிய ஓட்டு வேண்டும் என்பதை அதில் ஒன்றாக வைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் 1856லேயே அது வந்துவிட்டது. இங்கிலாந்தில் வர இன்னும் பதினாறு வருஷமாயிற்று.

ஆகவே ஓட்டுச்சாவடியில் இருக்கும் அந்த அட்டை மறைப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பண்ணையாரின் கண்ணுக்கும் கூலிக்காரனின் கைக்கும் நடுவில் போட்ட சுவர் அது. நீங்கள் பொத்தானை அழுத்தினால் சின்னத்துக்கு எதிரே சிவப்பு விளக்கு எரியும். பக்கத்துக் கண்ணாடிக்குள் ஏழு செகண்டு ஒரு சீட்டுத் தெரியும். அதில் அபேட்சகரின் நம்பர், பெயர், சின்னம் இருக்குமேயொழிய உங்கள் பெயர் இருக்காது. பிறகு அது அறுந்து உள்ளே விழுந்துவிடும். யாருக்குப் போட்டாய் என்று சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்தக் கோர்ட்டுக்கும் அதிகாரமில்லை.

ஆனால் உண்மையை முழுவதும் சொல்லவேண்டும். ஒவ்வொரு சாவடியின் ஓட்டும் தனித்தனியாக எண்ணிக் கணக்கு வெளியாகிறது. ஆகவே உங்கள் ஓட்டுத் தெரியாவிட்டாலும், உங்கள் சாவடியில் யாருக்கு எத்தனை என்பது தெரியும். பல சாவடி ஓட்டையும் கலந்து எண்ணும் கருவி வேண்டும் என்று தேர்தல் கமிஷனே சர்க்காருக்கு எழுதியும், அது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. அது வரவேண்டும் என்று நாமெல்லோரும் கேட்கவேண்டும். அதுவரையில், தெருவுக்குத் தெரிந்தாலும் ஆளுக்குத் தெரியாது என்கிற தைரியம் போதும்.

ஓட்டுச்சாவடியில்

இப்போது நமது சிறுமையைச் சொல்லவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம்.

கண் தெரியாத ஓட்டர் தனக்கு வேண்டிய ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய், அவரைக்கொண்டு பொத்தானை அழுத்தச் செய்யலாம் என்று விதி இருக்கிறது. துணைக்குப் போகிறவருக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்கவேண்டும். ஒரு நாளில் ஒருவருக்குத்தான் துணை போகலாம். ஓட்டர் சொன்னபடியே அழுத்தவேண்டும். அந்த ரகசியத்தை வெளியிடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்தும் போடவேண்டும். தாயார் நம்மைத்தான் கூப்பிட்டார்.

தாயாரைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போகும்போது, தோழர்களே, நமது மனதில் ஓர் எண்ணம் உண்டாயிற்று. "இவருக்குச் சின்னம் தெரியாது. விளக்கு எரிவது தெரியாது. சீட்டும் தெரியாது. நாம் எதை அழுத்தினாலும் இவர் அறியப்போவதில்லை. இவரோ இரண்டு கற்பூரத்துக்குப் பயந்தவர். நாமோ நாட்டு நன்மையை ஆராய்ந்து பார்த்தவர். நமக்குச் சரி என்று பட்டதை அழுத்திவிட்டால் என்ன மோசம்? இவருக்கும் நன்மைதானே?"

கவனியுங்கள். பண்ணையார் தன் கூலிக்காரனைப்பற்றி நினைத்ததும் இதுதான். புருஷன் பெண்ஜாதியைப்பற்றி நினைப்பதும் இதுதான். "அவனுக்கு என்ன தெரியும்? அவனுக்கும் சேர்த்து நாம் யோசித்துக்கொள்ளுகிறோம்" என்றுதான் வெள்ளைக்காரனும் இந்த நாட்டைப்பற்றிச் சொன்னான். அதே புத்தி பகுத்தறிவு பேசும் நமது மண்டைக்குள்ளும், ஓட்டுச்சாவடிக்குப் பத்தடி தூரத்தில், ஏணி போட்டு ஏறி வந்துவிட்டது.

உள்ளே போனோம். அதிகாரி பெயரைப் படித்தார். தாயார் பெருவிரல் ரேகை வைத்தார். இடதுகை ஆள்காட்டி விரலில் மை வைத்தார்கள். மைசூரிலுள்ள சர்க்கார் தொழிற்சாலையில் 1962லிருந்து செய்துவரும் அந்த மை, பிரதம மந்திரி விரலுக்கும் நமது தாயார் விரலுக்கும் ஒன்றே. நாம் உறுதிமொழிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டோம். அதில் சாமி பெயர் கிடையாது, கற்பூரம் கிடையாது. நமது பெயரும் கையெழுத்தும் மாத்திரம்தான்.

மறைப்புக்குப் பின்னால் போனதும் தாயார் நமது காதில், "ஒவ்வொண்ணா படிடா" என்றார். நாம் தாழ்ந்த குரலில் மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயரும் சின்னமும் படித்தோம். அவசரப்படவில்லை, ஒன்றைக்கூட விட்டுவிடவில்லை, எந்தப் பெயரையும் அழுத்தியோ மெதுவாகவோ படிக்கவில்லை. இது ஒன்றுதான் அன்றைக்கு நமக்குப் பெருமை. தாயார் கேட்டு முடித்துக் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு சின்னத்தின் பெயரைச் சொன்னார். நாம் அதை அழுத்தினோம். விளக்கு எரிந்தது; சீட்டு விழுந்தது; சத்தம் கேட்டது. "நான் சொன்னதுதானே?" என்றார். "நீ சொன்னதுதான் அம்மா" என்றோம். பொய்யில்லாமல் அப்படிச் சொல்ல முடிந்ததே என்று நமக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

அது முதல் கற்பூரமா, இரண்டாவது கற்பூரமா, இரண்டுமில்லாத வேறொன்றா? நமக்குப் பிடித்த சின்னமா, பிடிக்காத சின்னமா? நீங்கள் ஆவலோடு பார்க்கிறீர்கள். சொல்லமாட்டோம். சாமிக்குப் பயந்தல்ல. கையெழுத்துப் போட்டிருக்கிறோம், அதைவிட, அது நமது ஓட்டு அல்ல. பிறகு நாம் நமது ஓட்டைப் போட்டோம். அதையும் சொல்லமாட்டோம். மனைவியார் பிற்பகலில் தனியாகப் போய்ப் போட்டுவிட்டு வந்தார். நாம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பேரப்பிள்ளை சௌக்கியமாக இருக்கிறான். அந்த வருஷம் வகுப்பிலும் பாஸ் செய்துவிட்டான். தாயார் தாமாகவே ஒரு நாள், "சாமி ஒண்ணும் பண்ணலையேடா" என்றார். நாம் புத்தகம் புத்தகமாகச் சொல்லி நம்பாததை, அவருடைய ஒரு விரல் அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

தோழர்களே! நாம் சொல்லவந்தது ஒரே விஷயந்தான். ஓட்டு வீட்டுடையது அல்ல, ஜாதியுடையது அல்ல, பணம் கொடுத்தவனுடையது அல்ல, சாமியுடையது அல்ல. அறிவு சொல்லுகிறேன் என்று உங்கள் முன் வந்து நிற்கும் நம்மைப்போன்றவர்களுடையதும் அல்ல. பிரசாரம் செய்வது எங்கள் உரிமை. அதைக் கேட்டுவிட்டு, மறைப்புக்குப் பின்னால் போய், எங்களை மறந்துவிட்டு, உங்கள் புத்தியைக் கேட்டுப் போடுவது உங்கள் உரிமை. அடுத்த தேர்தலில் உங்கள் வீட்டு வாசலுக்கு யாராவது தட்டோடு வந்து, "இந்த வீட்டில் எத்தனை ஓட்டு?" என்று கேட்டால், "வீட்டுக்கு ஓட்டுக் கிடையாது, இங்கே இருக்கும் மனுஷர்களுக்குத்தான் உண்டு, ஒவ்வொருவரையும் தனித்தனியே கேள்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல ஆரம்பிக்கிற வீட்டில்தான் சுயமரியாதை குடியேறியிருக்கிறது என்று நாம் நம்புவோம்.